இனிஷியலை விரித்துவிட்டு விமானம் ஏறுங்கள்

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, 2016 முதல் ஏழு வருஷம் தென் அமெரிக்காவில் இருக்கிற உருகுவேயில் குடியிருந்தேன் என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அவ்வளவுதான், இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஊரைப் பற்றித்தான். அதனால் இந்த இதழ் முழுக்க உருகுவே. மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

? தலைநகர் மொண்டேவீடியோவில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்திருக்கிறது. மனைவி, ஐந்து வயது மகனுடன் கிளம்புகிறேன். இங்கிருந்து என்னென்ன காகிதங்களை எடுத்துப் போக வேண்டும் அக்கா?
— வாசகர், சேலம்

வாழ்த்துகள் தம்பி. நீங்கள் முதல் ஆள் இல்லை, டிசிஎஸ் 2002-லேயே அங்கே போய்க் கடை விரித்துவிட்டது. அதனால் இந்தியர் என்றால் அங்கே யாரும் வேற்றுக்கிரகவாசியைப் பார்ப்பதுபோல் பார்க்க மாட்டார்கள்.

காகிதங்களில் முக்கியமானவை மூன்று: பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், பாஸ்போர்ட் அலுவலகம் தரும் போலீஸ் சான்றிதழ். மூன்றுக்கும் அப்போஸ்டில் முத்திரை வேண்டும், அதாவது வெளிநாட்டில் செல்லும்படி நம் வெளியுறவுத் துறை போட்டுத் தரும் முத்திரை, இங்கிருந்தே போட்டுக்கொண்டு போங்கள். அங்கே போனபின் ஊரிலிருக்கிற மச்சானைத் தலைமைச் செயலகத்துக்கும் ஏஜென்சிக்கும் அலையவிட்டால் அவர் உங்களை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டார். ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பை மட்டும் இங்கே செய்யாதீர்கள், அது காசுக்குக் கேடு. அங்கே பட்டம் பெற்ற அரசு அங்கீகார மொழிபெயர்ப்பாளர் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும்.

இப்போது உங்கள் பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுத்துப் பாருங்கள். நம் பக்கத்துப் பழைய சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் இருக்கும் இடம் காலியாகத்தான் இருக்கும், ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். என்னுடையது அப்படித்தான். பெயரைச் சேர்க்க நகராட்சிக்கு நாலு நடை நடந்தேன். அப்புறம் இனிஷியல். அந்த ஊர் ஃபாரங்களில் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தால் குடும்பப் பெயருக்கு இரண்டு கட்டம் இருக்கும், ஒன்று அப்பா வழி, இன்னொன்று அம்மா வழி. நமக்கு ஒன்றே கிடையாது, இரண்டுக்கு எங்கே போவது? சான்றிதழில் ‘எஸ்’ என்றும் பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயரும் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். எல்லாக் காகிதத்திலும் இனிஷியலை விரித்து, ஒரே எழுத்துக்கூட்டலில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். போன புதிதில் ஒரு கிளினிக்கில் காத்திருந்தேன். யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், நானும் பாவம் யாரோ தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று முறை கூப்பிட்டுவிட்டு அடுத்த ஆளை உள்ளே அனுப்பிவிட்டார்கள். கூப்பிட்டது என் அப்பாவின் பெயரை, அவர்கள் உச்சரிப்பில்.

அங்கே போனதும் குடியேற்றத் துறையில் வதிவிடத்துக்கு, அதாவது அங்கே தங்கி வாழும் உரிமைக்கு, விண்ணப்பம் போடுவீர்கள். அது முடிய மாதக்கணக்கில் ஆகும், ஆனால் விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கும்போதே ‘செதூலா’ என்ற அடையாள அட்டையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இந்த ஒரு விஷயத்தில் அந்த நாட்டை மெச்ச வேண்டும். செதூலா எண் இல்லாமல் அங்கே எதுவும் நகராது, சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும்போதுகூடக் கேட்பார்கள்.

வீடு வேறு கதை. வாடகைக்குப் போனால் ‘காரந்தீயா’ கேட்பார்கள், அதாவது நீங்கள் வாடகை தராவிட்டால் யார் பொறுப்பு என்பதற்கு ஓர் உத்தரவாதம். சம்பளச் சீட்டைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் அதை வாங்கலாம், இல்லையென்றால் பல மாத வாடகையை முன்பணமாக முடக்க வேண்டும். புதிதாகப் போனவரிடம் பழைய சம்பளச் சீட்டு ஏது? ஆகவே வேலை கொடுக்கும் கம்பெனியே உத்தரவாதம் தருமா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. இரண்டு மாதம் ஒரே அறையில் மூன்று பெட்டிகளோடு கிடந்தோம். வாடகை போக ‘பொதுச் செலவு’ என்று தனியாக ஒரு தொகை வரும், வீட்டுத் தரகர் அதைக் கடைசியில்தான் சொல்வார்.

? நாங்கள் சுத்த சைவம். அங்கே மாட்டுக்கறி தவிர வேறு எதுவும் கிடைக்காது என்கிறார்களே?
— வாசகி, மயிலாடுதுறை

மனிதர்கள் சுமார் 35 லட்சம், மாடுகள் ஒரு கோடிக்கு மேல். ஓட்டலில் ‘கறி வேண்டாம்’ என்றால் சரி என்று தலையாட்டிவிட்டு பன்றி இறைச்சித் துண்டு போட்ட சாண்ட்விச்சைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள் அகராதியில் ‘கார்னே’ என்றால் மாட்டுக்கறி, பன்றியும் கோழியும் அதில் சேர்த்தி இல்லை. எது எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் தப்பிக்க வேண்டும்.

வீட்டில் சமைத்தால் கவலையே இல்லை. உருகுவே அரிசி விளைவித்து ஏற்றுமதி செய்கிற நாடு, நல்ல அரிசி கிடைக்கும். பால், நம் ஆவின் மாதிரியே, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாக்கெட்டில் வரும். கோனாப்ரோலே என்று பால் உற்பத்தியாளர் கூட்டுறவு, அதுவும் ஆவின் மாதிரிதான். முதல் நாள் அந்தப் பாக்கெட்டின் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டி, அவர்கள் வைத்திருக்கிற ஜாடிக்குள் நிறுத்தி வைத்தபோது பாதி ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. போலெந்தா என்று சோள ரவை விற்பார்கள், கடுகு தாளித்துக் கிளறினால் உப்புமா. பீட்சாக் கடையில் ‘ஃபைனா’ என்று ஒன்று வைத்திருப்பார்கள், கொண்டைக்கடலை மாவில் எண்ணெய் விட்டு அடுப்பில் சுட்டது, ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று. நம் அடைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதை பீட்சாத் துண்டின் மேல் கவிழ்த்துச் சேர்த்துச் சாப்பிடுவார்கள், நான் மேலே மிளகுத்தூள் தூவித் தனியாகவே சாப்பிடுவேன். அந்த மாவு சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். பஜ்ஜிக்குப் பஞ்சமில்லை.

கிடைக்காதவை: துவரம்பருப்பு, புளி, பெருங்காயம், நல்ல மிளகாய்த்தூள். காரம் என்பதே அவர்களுக்கு ஆகாது. எங்கள் வீட்டு ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பொடிகளைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். பச்சைக் கறிவேப்பிலை மட்டும் வேண்டாம், விமான நிலையத்தில் தாவரப் பரிசோதனை உண்டு, என் கட்டு அங்கேயே குப்பைத் தொட்டிக்குப் போனது. மிக்ஸியை யோசிக்காமல் எடுத்துப் போங்கள், அங்கேயும் நம் ஊர் மின்சாரம்தான், 220-230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் வேறு, மூன்று துளையும் ஒரே வரிசையில் இருக்கும். குளிர்காலத்தில் மாவு பொங்காது, ஓவன் அடுப்பின் விளக்கை எரியவிட்டு உள்ளே வைத்துவிடுங்கள்.

? டூயோலிங்கோவில் ஆறு மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். போதுமா?
— வாசகி, மதுரை

வாசிக்கப் போதும். காதில் விழுவது வேறு. ‘தெரு’வுக்கு நீங்கள் படித்தது காயே, அவர்கள் சொல்வது காஷே. ‘நான்’ என்பது யோ இல்லை, ஷோ. ‘நீ’ என்பதற்குப் பாடத்தில் தூ, அங்கே வோஸ், அதோடு வினைச்சொல்லும் கொஞ்சம் மாறும். பதினைந்து நாளில் காது பழகிவிடும், பயப்படாதீர்கள். நாளைக்கு நூறு தடவை கேட்கப்போகும் சொல் ‘தா’. நம் ‘சரி’ என்ன வேலை செய்கிறதோ அத்தனையும் அது செய்யும்: ஒப்புக்கொள்ள, பேச்சை முடிக்க, போதும் என்று சொல்ல. நான் போனில் பக்கத்து வீட்டம்மாவிடம் ‘தா, தா, தா’ என்று பேசிக்கொண்டிருந்ததை ஒருநாள் வீடியோ காலில் கேட்டுவிட்டு, “என்னத்தை அப்படிக் கேட்டுக்கிட்டே இருக்கா, அவங்கதான் குடுத்தா என்னவாம்?” என்றார் என் மாமியார்.

? பையனை ஜூனில் பள்ளியில் சேர்க்கலாமா?
— அதே சேலம் வாசகர்

அங்கே பள்ளி மார்ச்சில் தொடங்கி டிசம்பரில் முடியும். ஜூனில் போனால் நடு வருஷம், ஆனாலும் சேர்த்துக்கொள்வார்கள். அரசுப் பள்ளி இலவசம். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் பெரிய நீல ரிப்பன் முடிச்சு, பார்க்கக் கொள்ளை அழகு. சாதாரண அரசுப் பள்ளி ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான், காலை அல்லது மதியம். மீதி நேரத்துக்கு என்ன செய்வது என்பதை இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பிள்ளை ஆறு மாதத்தில் ஸ்பானிஷ் பேசிவிடுவான். அப்புறம் தமிழைக் காப்பாற்றுவதுதான் பாடு.

? வெயிலா, குளிரா?
— வாசகர், வேலூர்

நமக்குத் தலைகீழ். பொங்கலன்று கடற்கரையில் கூட்டம், ஆடியில் நடுக்கம். பத்து டிகிரி என்றால் சும்மா என்று நினைக்காதீர்கள், கரையோர ஈரக்காற்று எலும்புக்குள் போகும், வீட்டுச் சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

? ரிடையராகிவிட்டேன். ‘தென் அமெரிக்காவின் ஸ்விட்சர்லாந்து’ என்று யூடியூபில் பார்த்தேன். அமைதியான நாடு, நிலம் வாங்கி அங்கேயே இருந்துவிடலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

ஐயா, வெளிநாட்டவரும் நிலம் வாங்கலாம் என்பது உண்மை. வருமானம் காட்டினால் வதிவிடமும் கிடைக்கும். குடும்பத்தோடு இருந்தால் மூன்று வருஷம், தனியாளுக்கு ஐந்து வருஷம் கழித்துக் குடியுரிமையும் கேட்கலாம், ஆனால் அதை வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். எல்லாம் சரி. பென்ஷன் ரூபாயில் வருகிறதே, அதுதான் என் கவலை. அந்தக் கண்டத்திலேயே விலைவாசி கூடிய ஊர்களில் ஒன்று அது. விற்பனை வரியே 22 சதவீதம். நான் கிளம்பும்போது கடையில் ஒரு காபி 150 பேசோவுக்குக் குறையாது, நம் பணத்தில் முந்நூறு ரூபாய்க்கு மேல்.

அமைதி என்பதையும் பார்த்துச் சொல்ல வேண்டும். ஜனங்கள் தங்கமானவர்கள், லஞ்சம் கேட்டு யாரும் என்னை இழுத்தடித்ததில்லை. ஆனால் அண்மை வருஷங்களில் லட்சம் பேருக்குச் சுமார் 11 கொலைகள் நடக்கின்றன, இந்தியாவைப்போல மூன்று மடங்குக்கும் மேல். பெரும்பாலும் போதைப்பொருள் கும்பல்களுக்குள், நகரின் சில பேட்டைகளில். நானும் மகளும் ரம்ப்லா என்கிற கடலோரச் சாலையில் இரவு ஒன்பது மணிக்கு நடந்திருக்கிறோம், பழைய நகரத்தில் அதே ஒன்பது மணிக்குத் தனியாகப் போக மாட்டேன். யூடியூபில் காட்டுவது பெரும்பாலும் ரம்ப்லாதான்.

நிலம் வாங்குவதற்கு முன் ஒரு ஜூலை மாதம் போய் இருந்து பாருங்கள். ஐந்தரை, ஆறு மணிக்கு இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஒரு ஈ காக்கை இருக்காது. அந்த மௌனம் பிடித்திருந்தால் மேற்கொண்டு பேசலாம். வேலைக்கு வருகிறவனுக்கு ஆபீஸ் இருக்கிறது, பிள்ளைக்குப் பள்ளி இருக்கிறது, வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் அந்த ஊர் கஷ்டம். நான் இரண்டு வருஷம் அப்படி இருந்தவள்.

? போகும் வழியில் பிரேசிலைச் சுற்றிப் பார்க்க ஆசை. ஏதாவது சிக்கல் உண்டா?
— வாசகர், சென்னை

துபாய் அல்லது தோஹா போய், அங்கிருந்து சாவோ பாவ்லோ வழியாகத்தான் பலரும் போகிறார்கள், இறங்கிப் பார்ப்பதில் தப்பில்லை, விசாவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்காதீர்கள். பிரேசிலில் தங்கிவிட்டு ஆறு நாளுக்குள் இந்தியா திரும்பினால் இங்கே அட்டையைக் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்திவிடலாம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும், கடைசி நிமிஷத்தில் ஓடாதீர்கள்.

? இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் ஏன் திரும்பி வந்தீர்கள்?
— வாசகி, திருச்சி

2023-இல் மழை பொய்த்து, மொண்டேவீடியோவுக்குத் தண்ணீர் தரும் பாசோ செவெரினோ அணை வறண்டுபோனது. ஏப்ரல் கடைசியிலிருந்து உவர்ப்பான ஆற்றுமுகத் தண்ணீரைக் கலந்து குழாயில் விட்டார்கள், உப்பு அளவின் வரம்பையே அரசு உயர்த்தியது. ரசத்துக்கு நான் உப்புப் போடுவதை நிறுத்தினேன், காபி கரித்தது, பாட்டில் தண்ணீரைச் சுமந்து சுமந்து தோள்பட்டை போனது. ஆகஸ்டில் மழை வந்து சரியாகிவிட்டது, அதற்காக வரவில்லை. அந்த மாதங்களில்தான் இங்கே மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. எட்டரை மணி நேர வித்தியாசம். அவர் விழுந்தது இங்கே காலை ஆறு மணிக்கு, அங்கே முந்தின நாள் இரவு ஒன்பதரை. டிக்கெட் எடுத்து, இரண்டு விமானம் மாறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. “சாப்டியா?” என்றுதான் கேட்டார்.

? எல்லாரும் ஒரே குழலில் ஏதோ கஷாயம் உறிஞ்சுகிறார்களாமே, எச்சில் இல்லையா?
— வாசகி, கும்பகோணம்

எச்சில்தான். அதற்குப் பெயர் மாத்தே. சுரைக்குடுவையில் இலைத்தூளைப் போட்டு, கக்கத்தில் இடுக்கிய ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, ஒரே உலோகக் குழலில் ஆளாளுக்குக் குடிப்பார்கள். அண்ணாந்து குடித்தே வளர்ந்த எனக்கு முதல் தடவை தொண்டையில் இறங்கவில்லை, அந்தக் கசப்பு வேறு. மறுத்தால் தப்பாக நினைக்க மாட்டார்கள், ஆனால் ஒரு கட்டத்தில் நீங்களே கையை நீட்டுவீர்கள். இரண்டு விஷயம் மட்டும் ஞாபகம் வையுங்கள்: குழலைப் பிடித்துக் கலக்கக் கூடாது. வாங்கிக் குடித்துத் திருப்பிக் கொடுக்கும்போது ‘கிராசியாஸ்’, அதாவது நன்றி, என்று சொல்லக் கூடாது, சொன்னால் எனக்குப் போதும் என்று அர்த்தம். மூன்றாவது வருஷம், மகளின் பள்ளி அம்மாக்களோடு பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, ருசி பிடித்துப்போய் முதல் சுற்றிலேயே ரொம்ப மரியாதையாக நன்றி சொல்லிவிட்டேன். குடுவை என்னைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது, அன்று சாயங்காலம் முழுக்க எனக்கு வரவே இல்லை.