லிஃப்ட்டில் ஒரு ரோஜாத் தோட்டம்: ஊத் வாசனை கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சரக்கைப் பற்றி: பழவாசனை தூக்கலாக இருக்கும் ரோஜா-ஊத் (ஊத் என்றால் அகில் கட்டையின் மணம்). சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து தெம்பனிஸ் வரை எல்லோரும் இதைத்தான் பூசிக்கொண்டு திரிகிறார்கள் போலிருக்கிறது. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அக்கா, கம்போங் கிளாமில் ஒரு கடையில் அட்டையில் அடித்து நீட்டினார்கள். லைச்சி ஜாம் மாதிரி அப்படி ஓர் இனிப்பு. உடனே 100 மில்லி வாங்கிவிட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் கோடாலித் தைலம் மாதிரி நாறுகிறது என்கிறார் மனைவி. ஏமாந்துவிட்டேனா? (செங்காங் வாசகர்)

ஏமாறவில்லை, அவசரப்பட்டுவிட்டீர்கள். அட்டையில் நீங்கள் மோந்தது அந்த வாசனையின் முதல் பத்து நிமிடம். அதை வைத்து பாட்டில் வாங்குவது, பெண் பார்க்கப் போய் வாசல் கோலத்தைப் பார்த்துவிட்டு நிச்சயம் செய்வது மாதிரி.

லைச்சி என்று உங்கள் மூக்கு சொன்னது சரிதான். ரோஜாவிலும் லைச்சியிலும் ரோஸ் ஆக்ஸைடு என்ற ஒரே பொருள் இருக்கிறது. உணவங்காடியில் ரோஜா சிரப் கலந்த பால், அதுதான் பண்டுங், ஒன்று வாங்கிக் குடித்துக்கொண்டே லைச்சியைக் கடித்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரிகள் என்று தெரியும். ஜாம் வாசனைக்கு டமாசினோன் என்று இன்னொன்று. ரோஜா எண்ணெயில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனாலும் வேகவைத்த ஆப்பிள், பிளம் பழ வாசனையெல்லாம் அந்தத் துளியிலிருந்துதான் எழுகிறது. வாசனை செய்பவர் இதற்கு மேல் ராஸ்பெர்ரியைக் கொஞ்சம் தாராளமாகச் சேர்த்திருப்பார்.

நம் ஊர் 32 டிகிரியில் முதலில் பறந்துபோவது மேலே நிற்கும் இந்த லேசான பழங்கள்தான். அது விலகியதும் ஊத் முகம் காட்டும். கடையில் கிடைக்கும் பெரும்பாலான பாட்டில்களில் இருப்பது ஆய்வுக்கூடத்தில் கட்டிய ஊத். அதற்குப் புதுத் தோல், கட்டுத்துணி, மருந்துப் பெட்டி என்று ஒரு சாயல் உண்டு. உங்கள் மனைவி பிடித்தது அதைத்தான். நல்ல மூக்கு, அடுத்த முறை கடைக்கு அவரையும் அழைத்துப் போங்கள்.

நான் செய்வது இது. வேறு எந்த வாசனையும் பூசாமல் கடைக்குப் போவேன். முழங்கைக்கு உட்புறம் ஒரே ஒரு ஸ்ப்ரே, தேய்க்கமாட்டேன். காசு கொடுக்காமல் வெளியே வந்து, சுல்தான் பள்ளிவாசல் பக்கம் ஒரு நடை, ஒரு தே தாரேக், பிறகு பஸ் ஏறி வீடு. சமீபத்தில் ஒரு பாட்டிலை இப்படித்தான் பார்த்தேன். 11 மணிக்கு ராஸ்பெர்ரி ஜாம். 11.20க்குத் தைல டப்பா. பன்னிரண்டரை வாக்கில் ரோஜா மறுபடி தலைகாட்டியது, ஆனால் இந்த முறை காய்ந்த இதழாக, மிளகு போல ஒரு காரத்தோடு. மாலை ஐந்து மணிக்கு முழங்கையில் மிஞ்சியிருந்தது சாம்பிராணி போட்டு அணைந்த வீட்டின் வாசனை. அந்த ஐந்து மணி வாசனை பிடித்திருந்தால் மட்டும் திரும்பிப் போய் வாங்குவேன். அதுதான் ராத்திரி வரைக்கும் கூட இருக்கப்போகிறது.

வாங்கிய பாட்டிலை எறிந்துவிடாதீர்கள். வெளியே கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பூசுங்கள். தைலம் வீட்டோடு போகட்டும்.

ராஃபிள்ஸ் பிளேஸில் அலுவலகம். எத்தனை ஸ்ப்ரே அடிக்கலாம்? யூடியூபில் எட்டு, பத்து என்கிறார்கள். (பொங்கோல் வாசகி)

ஒன்று.

அந்த எட்டும் பத்தும் வறண்ட பாலைவன ஊருக்கும் குளிர்நாட்டுக் கோட்டுக்கும் சரியாக இருக்கலாம். நமக்குப் புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயிலுக்கு நடப்பதற்குள் உடம்பு சூடாகி வாசனை கிளம்பிவிடும். அதே வேகத்தில் ஏர்கான் பெட்டிக்குள் ஏறி ஐம்பது பேரோடு நிற்கிறோம். திறந்தவெளியில் கரைந்து போகிற வாசனை, மூடிய இடத்தில் போக இடமில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

என் கதையைக் கேளுங்கள். முதன்முதலில் நல்ல ரோஜா-ஊத் கைக்கு வந்த நாளில், ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது கழுத்தில் இரண்டு, மணிக்கட்டில் இரண்டு, போதாதென்று தாவணிக்கு வீசுவது மாதிரி காற்றில் இரண்டு அடித்துக்கொண்டு பதினான்காவது மாடியில் லிஃப்ட் ஏறினேன். எட்டாவது மாடியில் ஒரு சீனப் பாட்டி கூடையோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், ஏழாவது மாடியில் இறங்கிவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மாடி இறங்கவா அவர் லிஃப்ட் ஏறினார்? எம்ஆர்டியில் டுரியானுக்குத் தடைப்படம் ஒட்டியிருக்கிறார்கள், ஊத்துக்கு இன்னும் ஒட்டவில்லை. ஒட்டும்படி நாம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த ஒரு ஸ்ப்ரேயையும் சட்டைக்கு உள்ளே நெஞ்சில் அடியுங்கள். கழுத்தில் வேண்டாம். துணி ஒரு திரை மாதிரி நின்று மெதுவாக விடும். கைகொடுக்கும் தூரத்தில் இருப்பவருக்குத் தெரிந்தால் போதும், அடுத்த மேசைக்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை.

அரை மணி நேரத்தில் எனக்கே வாசனை தெரியவில்லை. டூப்ளிகேட்டா? (ஈசூன் வாசகர்)

பாட்டிலைச் சந்தேகப்படும் முன் மூக்கைச் சந்தேகப்படுங்கள். ஒரே வாசனை விடாமல் வந்துகொண்டிருந்தால் சில நிமிடங்களிலேயே மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். மீன்கடைக்காரருக்கு மீன் நாறுவதில்லை, அதே விஷயம்தான். அது மட்டுமல்ல, இந்த மாதிரி பாட்டில்களின் அடியில் கஸ்தூரி சாயல் பொருள்கள் இருக்கும். அவற்றில் சிலவற்றைச் சிலரின் மூக்கு பிறவியிலேயே பிடிக்காது. வீட்டில் ஒருவரைக் கேளுங்கள். அவர் “இன்னும் இருக்கே” என்றால் பேசாமல் இருங்கள். தெரியவில்லை என்று மேலே மேலே அடிப்பவர்கள்தான் லிஃப்ட்டைக் காலி செய்கிறவர்கள்.

60 வெள்ளி பாட்டிலில் நிஜ ஊத் இருக்குமா? (ஜூரோங் வாசகர்)

இங்கே மலாய்க்காரர்கள் ஒன்று சொல்வார்கள்: ‘சுடாஹ் கஹாரு, செண்டானா பூலா, சுடாஹ் தாஹு, பெர்தாஞா பூலா.’ கஹாரு ஆயிற்று, அப்புறம் சந்தனமும். தெரிந்துகொண்டே கேட்கவும் செய்கிறாயே என்று கிண்டல். அந்தக் கஹாருதான் ஊத், நம் அகில். பதில் உங்களுக்கே தெரியும். இருக்காது, இருந்தாலும் பெயருக்குத்தான்.

அகில் மரம் எல்லாமே மணக்காது. காயம்பட்ட மரத்தில் பூஞ்சை ஏறி, அதை எதிர்த்து மரம் கருப்பாகப் பிசின் சுரந்தால்தான் கட்டை மணக்கும். அந்தக் கட்டைக்காகக் காடு காடாக வெட்டித் தீர்த்ததால் 1995ல் மலாக்கா அகிலும், 2004ல் எடுத்த முடிவின்படி மற்ற அகில் இனங்களும் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுக்குள் வந்தன. தடை இல்லை, ஆனால் நாடு விட்டு நாடு போக அனுமதிச் சீட்டு வேண்டும். ரோஜா மட்டும் மலிவா என்றால் அதுவும் இல்லை. ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000, 4,000 கிலோ இதழ் வேண்டும்.

அதனால் செயற்கை என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். 2002ல் ஈவ் சான் லோரான் நிறுவனத்தின் எம்7 என்ற வாசனை வந்தபோதுதான் மேற்கத்திய கடைகளில் ஊத் என்ற பேச்சே பெரிதாகக் கிளம்பியது. நம்மவர்களோ சங்க காலத்திலேயே கூந்தலுக்கு அகில் புகை போட்டவர்கள். ஆங்கிலத்தில் ஈகிள்வுட் என்கிறார்களே, அதில் கழுகு எதுவும் இல்லை. நம் அகில்தான் போர்ச்சுகீசியர் வாயில் போய்த் திரும்பி அப்படி ஆயிற்று. நிஜ ஊத் எப்படி இருக்கும் என்று தெரியவேண்டுமானால் அத்தர் கடையில் ஒரு துளி கையில் வைக்கச் சொல்லுங்கள். அஸ்ஸாம் சரக்கு என்றால் முதலில் மாட்டுத்தொழுவம் மாதிரி இருக்கும். முகம் சுளிக்காமல் ஒரு மணி நேரம் பொறுங்கள்.

ஆண்பிள்ளை ரோஜா பூசலாமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

அரபு நாடுகளில் ஆண்கள் பூசுகிறார்கள். நம் ஊர்க் கல்யாணத்தில் ஆண்கள் மேல் பன்னீர் தெளிக்கவில்லையா? பழ இனிப்பு அதிகமாகத் தோன்றினால் பச்சூலி என்ற இலையின் வாசனை தூக்கலாக உள்ள பாட்டிலாகப் பாருங்கள், மண் வாசனை கொஞ்சம் அடக்கி வைக்கும்.

பட்டுப்புடவை, தலையில் மல்லிகை, இதோடு ரோஜா-ஊத் ஒத்துப்போகுமா அக்கா? (சிராங்கூன் வாசகி)

புடவையில் படவே கூடாது. இந்த வகை அடர்த்தியான திரவம் பட்டில் மஞ்சளாகக் கறை விடும், அப்புறம் எந்த டிரை கிளீனரும் கைவிரிப்பார். முத்து மாலை இருந்தால் வாசனைக்குப் பிறகு போடுங்கள், ஆல்கஹால் முத்தின் பளபளப்பைக் கெடுக்கும். மல்லிகையோடு ஒத்துப்போகுமா என்றால், என் மூக்குக்கு இல்லை. மல்லிகை சாயங்காலம் ஆக ஆகக் கனக்கும், ஊத்தும் கனக்கும், இரண்டும் ஒரே தலையில் ஏறி உட்கார்ந்தால் தலைவலிதான். பூ வைக்கும் நாளில் பாட்டிலைத் தொடாதீர்கள். வைத்தே ஆகவேண்டும் என்றால் முழங்காலுக்குப் பின்னால் ஒரு சொட்டு அத்தர்.

கடையில் நடுநடுவே காப்பிக்கொட்டை மோக்கச் சொல்கிறார்களே, மூக்கு தெளியுமா?

சோதித்துப் பார்த்தவர்கள் வெறும் காற்றைவிட அது மேல் இல்லை என்றுதான் கண்டார்கள். வாசலுக்கு வந்து நில்லுங்கள். ஒரு நாளைக்கு மூன்று பாட்டிலுக்கு மேல் மோக்காதீர்கள்.

பாட்டிலைக் குளியலறை அலமாரியில் வைக்கிறேன். ஒரு வருடத்தில் நிறம் கருத்துவிட்டது. (தோ பாயோ வாசகி)

வெந்நீர் ஆவியும் ஜன்னல் வெயிலும் சேர்ந்தால் பழ வாசனைதான் முதலில் கெடும். பெட்டியோடு துணி அலமாரிக்குள் மாற்றுங்கள். நிறம் கருத்ததால் மட்டும் கெட்டது என்று சொல்ல முடியாது, பூசிப் பாருங்கள். முதல் வீச்சில் புளிப்போ வினிகரோ அடித்தால்தான் தூக்கிப்போடவேண்டும்.

தேசிய சேவையில் இருக்கிறேன். காட்டுப் பயிற்சியில் வியர்வை நாற்றம் தாங்கவில்லை. ரோஜா-ஊத் நாள் முழுக்க நிற்கும் என்கிறார்களே, பூசிக்கொண்டு போகலாமா அக்கா? (பெயர் வேண்டாம் என்றவர்)

நிற்கும் தம்பி, அதுதான் பிரச்சினை. புதருக்குள் அசையாமல் ஒளிந்திருக்கும்போது உங்களை முதலில் கண்டுபிடிப்பது எதிரணியின் மூக்காக இருக்கும், இரண்டாவது உங்கள் சார்ஜண்ட். புக்-அவுட் அன்று, அதாவது முகாமிலிருந்து வீட்டுக்கு விடும் நாளில், குளித்துவிட்டுப் பூசிக்கொள்ளுங்கள். ஒரு ஸ்ப்ரே.