260 வெள்ளி ஜாக்கெட்டும் ஒரு லேபிளும்

கேள்வி: அண்ணே, டிசம்பரில் கொரியா போகிறேன். இணையத்தில் ஒருத்தர் அமெரிக்க ராணுவ வீரர்கள் போடும் எம்-65 என்ற ஜாக்கெட் விற்கிறார். பச்சை, பழுப்பு, கறுப்பு கலந்த 'உட்லேண்ட்' கேமோ, அதாவது காட்டில் மறைந்து நிற்பதற்கான டிசைன். முதுகில் கையால் வரைந்த புலி, கையில் பேட்ச், இடுப்பையும் பிடித்துத் தைத்திருக்கிறார். 'வியட்நாம் போர்க்காலத்து ஒரிஜினல், இந்த ஒரு பீஸ்தான்' என்று 260 சிங்கப்பூர் வெள்ளி கேட்கிறார். லேபிள் படமும் அனுப்பினார், அதில் டிஎஸ்ஏ 100-72-சி என்று தொடங்கும் ஒரு எண் இருக்கிறது. நம்பி வாங்கலாமா? (யீஷூன் வாசகர்)

பதில்: அவர் அனுப்பிய படமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது, தம்பி. அந்த எண் ஒப்பந்த எண். நடுவில் இருக்கிற 72 என்றால் 1972ஆம் ஆண்டு ஒப்பந்தம் என்று அர்த்தம். ஆனால் நீங்கள் சொல்கிற உட்லேண்ட் கேமோவை அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டதே 1981இல்தான். 72இல் தைத்த எம்-65 வெறும் ஆலிவ் பச்சையில்தான் இருக்கும். ஆக, ஒன்று அந்த லேபிள் வேறு ஜாக்கெட்டிலிருந்து பிரித்து வைத்துத் தைத்தது, இல்லையென்றால் மொத்தமுமே நகல். எப்படிப் பார்த்தாலும் 'வியட்நாம்' கதை நிற்காது.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ராணுவத்துக்குக் கொள்முதல் பார்த்த அமைப்பு 1977இல் பெயர் மாற்றிக்கொண்டது, டிஎஸ்ஏ என்பது டிஎல்ஏ ஆனது. அதனால் நிஜ உட்லேண்ட் எம்-65 லேபிளில் டிஎல்ஏ 100-84-சி என்பது மாதிரிதான் வரும். கூடவே 8415 என்று தொடங்கும் 13 இலக்க எண் ஒன்றும், எம்ஐஎல்-சி-43455 என்ற தயாரிப்பு விவர எண்ணும் பார்க்கலாம். லேபிள் துவைத்துத் துவைத்து மங்கியிருந்தால் எனக்குச் சந்தேகம் குறையும். துணி வெளுத்துப்போய் லேபிள் மட்டும் புத்தம் புதுசாகப் பளிச்சென்று இருந்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

நகல் என்றாலே மோசம் என்று சொல்ல வரவில்லை. ராணுவத்துக்கே எம்-65 தைத்துக் கொடுத்த ஆல்ஃபா இண்டஸ்ட்ரீஸ் கடைக்கும் தைத்து விற்கிறது, தன் பெயரையே போட்டு. அது நேர்மையான வியாபாரம், துணியும் நன்றாகத்தான் இருக்கும். நகலுக்கு ஒரிஜினல் விலை சொல்வதுதான் வம்பு.

சரி, கதையை விடுங்கள், வேலைப்பாடு பிடித்திருக்கிறது என்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் வாங்கப்போவது ஒரு தையல்காரரின் வேலையும் ஒரு ஓவியரின் வேலையும், அதற்குத் தகுந்த மாதிரி பாருங்கள். புலியின் மீது விரலை வைத்துத் துணியை மடக்கச் சொல்லி ஒரு வீடியோ கேளுங்கள். துணியில் பிடிப்பதற்கான கலவையைச் சேர்க்காமல் சாதாரண அக்ரிலிக் பெயின்ட் அடித்திருந்தால் மடிப்பில் பொருக்குத் தட்டும், நாலு துவைப்பில் புலி பூனையாகிவிடும். அப்புறம் இடுப்பு. எம்-65இன் பக்கத் தையல் துணியை மடித்து இரண்டு வரிசையாக ஓட்டியது. பிரித்துக் குறுக்கியவர் ஒற்றை வரிசை ஓட்டிவிட்டு, ஓரம் பிரியாமல் இருக்க ஓவர்லாக் அடித்திருந்தால், வெளியே தெரியாது, உட்புறம் திருப்பினால் சட்டென்று தெரியும்.

நீங்கள் போவது குளிருக்கு. இந்த ஜாக்கெட்டின் உள்ளே வரிசையாகப் பட்டன்கள் இருக்கும், லைனர் எனப்படும் குளிர் தாங்கும் உள் அடுக்கைத் தனியாக மாட்டுவதற்கு. கொரியா டிசம்பருக்கு லைனர் இல்லாமல் இது போதாது. இடுப்பைப் பிடித்துவிட்டால் லைனர் உள்ளே சுருண்டு நிற்கும், உள்ளே கம்பளிச் சட்டையும் போட்டால் ஜிப் ஏறாது. மாற்றித் தைத்த ஜாக்கெட்டில் 'மீடியம்', 'ரெகுலர்' என்பதெல்லாம் செல்லாக்காசு. தரையில் விரித்துப் போட்டு அக்குளுக்கு அக்குள் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள், அதை இரண்டால் பெருக்கினால் மார்பளவு.

நானாக இருந்தால் மாற்றம் செய்யாத, உடம்புக்குச் சரியான ஒன்றை வாங்கி, லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா நிலையத்தின் மாடியில் இருக்கும் தையல்காரர்களில் ஒருவரிடம் கொடுத்து எனக்கு வேண்டிய மாதிரி செய்துகொள்வேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே 'கை நீளம் இவ்வளவு போதுமா தம்பி' என்று கேட்கிற சுகம் இணையத்தில் கிடைக்காது. வெளிநாட்டுக் கடையிலிருந்து தருவிப்பதாக இருந்தால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் தபால் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பலர் அங்கேதான் ஏமாறுகிறார்கள். மறந்தும் 'ராணுவத்தில் மிஞ்சிய சர்ப்ளஸ் சரக்குத்தானே' என்று குண்டு துளைக்காத உடுப்பைக் கூடையில் போட்டுவிடாதீர்கள், அதைக் கொண்டுவரப் போலீஸ் அனுமதி வேண்டும்.

கேள்வி: மகன் தேசிய சேவையை முடித்து ஓஆர்டி ஆகிவிட்டான். அவனுடைய ராணுவச் சீருடையான நம்பர் 4 சட்டைகள் அலமாரியில் சும்மா கிடக்கின்றன. வெட்டி ஜாக்கெட், பை என்று தைத்து விற்கலாமா என்று தங்கை கேட்கிறாள். (பிடோக் வாசகி)

பதில்: வேண்டாம் அக்கா. முதல் காரணம், அவை சும்மா கிடக்கவில்லை. ஐசிடி எனப்படும் முகாம் பயிற்சிக்குக் கூப்பிடும்போது பையன் அதையேதான் போட்டுக்கொண்டு போக வேண்டும், அன்றைக்குக் காலையில் கை இல்லாத நம்பர் 4ஐ வைத்துக்கொண்டு நிற்க முடியாது. இரண்டாவது, அதிகாரம் இல்லாதவர் ஆயுதப்படைச் சீருடையைப் போடுவது இங்கே குற்றம். உங்கள் தங்கை விற்றதை யார் போட்டுக்கொண்டு எங்கே போவார் என்று உங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தைக்க ஆசையாக இருந்தால் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் சாதாரண கேமோ துணியை வாங்கித் தைக்கச் சொல்லுங்கள். ஆயுதப்படையின் பிக்சல் டிசைன் மட்டும் வேண்டாம்.

கேள்வி: ஓர் இணையக் கடையில், பழைய ஜெர்மன் பார்க்காவை (தலைமூடி வைத்த நீள ஜாக்கெட்) மாற்றித் தைத்தது என்று வாங்கினேன். இரண்டாம் முறை போட்டபோதே அக்குள் தையல் விட்டுவிட்டது. 'கஸ்டம் பொருள், ரீஃபண்ட் கிடையாது' என்கிறார்கள். (ஜூரோங் வாசகர்)

பதில்: 'மனம் மாறிவிட்டது, பிடிக்கவில்லை' என்று நீங்கள் திருப்பிக் கொடுத்தால் அவர்கள் சொல்வது செல்லும். தையல் விட்டுப்போனது வேறு கதை. நம் ஊரில் 2012 செப்டம்பரிலிருந்து 'லெமன் சட்டம்' இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போதே அது இருந்ததாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர் பாடு. பழைய பொருளுக்கும் இது உண்டு. ஆனால் வயசையும் விலையையும் பார்ப்பார்கள், அதனால் முழங்கை வெளுத்திருக்கிறது என்று சண்டைக்குப் போகாதீர்கள். அவர்களே புதிதாகப் போட்ட தையல் பிரிந்தது என்றால் உங்கள் பக்கம் பலமானது. முதலில் சரிசெய்து கொடு அல்லது மாற்றிக் கொடு என்று எழுத்தில் கேளுங்கள். அது நடக்காவிட்டால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம். அதற்கும் மசியவில்லையென்றால் 'கேஸ்' எனப்படும் நுகர்வோர் சங்கம். அப்புறம் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது, 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். தையல் பிரிந்த இடத்தைத் தைக்காமல் படம் எடுத்து வையுங்கள். கடையாக இல்லாமல் தன் அலமாரியைக் காலி செய்கிற தனி ஆளிடம் வாங்கியிருந்தால் லெமன் சட்டம் கை கொடுக்காது.

கேள்வி: கேமோ ஜாக்கெட்டோடு திருச்சிக்குப் போகலாமா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: திருச்சி வெயிலுக்கு ஜாக்கெட்டா? அதை விடுங்கள். இந்திய ராணுவம் 2022 ஜனவரியில் கொண்டுவந்த புது டிசைனைத் தன் பெயரில் பதிவு செய்து வைத்திருக்கிறது. அதைப் போன்றது எதுவும் வேண்டாம், ராணுவ வீரர் என்று பிறர் நம்பும்படி உடுத்துவதும் அங்கே குற்றம். சாதாரண பச்சை ஜாக்கெட் ஒன்றை எடுத்துப் போங்கள். ஜமைக்கா, பார்படோஸ் பக்கம் என்றாவது போனால் கேமோ கைக்குட்டைகூடப் பெட்டியில் வைக்காதீர்கள், அங்கே பொதுமக்கள் கேமோ போடவே தடை.