பதில்: 25 எழுத்தா, 21 எழுத்தா? செமினார் குழப்பம்

செடிகள் வைரஸை எதிர்க்கும் விதத்தை ஆராய்ந்த தாவர அறிவியலாளர் பௌல்கோம்ப் பற்றிய செமினாரில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டதாகச் சொல்கிறீர்கள்: செடிக்கு எதிர்ப்பணு (ஆன்டிபாடி, கிருமியைப் பிடிக்கும் புரதம்) உண்டா, வைரஸை அடையாளம் காட்டும் குட்டி ஆர்.என்.ஏ.வின் (மரபுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறின் சிறு துண்டு) நீளம் 25 எழுத்தா 21 எழுத்தா. எழுத்து என்றால் அந்த இழையின் ஓர் அலகு, நியூக்ளியோடைடு.

முதலில், 'எதிர்ப்பணு' என்ற சொல்லை ஸ்லைடிலிருந்து எடுத்துவிடுங்கள். செடிக்கு அது கிடையாது. ரத்தத்தில் சுற்றிவரும் காவல் செல்களும் இல்லை.

அப்புறம், 1928-இல் வின்கார்ட் என்ற ஆய்வாளர் விவரித்த புகையிலைச் செடியிலிருந்து தொடங்குங்கள். வளையப்புள்ளி வைரஸ் தாக்கிக் கீழ் இலைகளெல்லாம் வளையம் வளையமாகக் கருகியிருக்கும். பிறகு வந்த மேல் இலைகளோ பளிச்சென்று பச்சை. அவற்றில் மறுபடி அதே வைரஸைத் தேய்த்தாலும் நோய் வராது. காரணம் புரியப் பல பத்தாண்டுகள் ஆயின. வைரஸ் பெருகும்போது உருவாகும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை டைசர் நொதி துண்டு போடும். ஆர்கோனாட் புரதம் அந்தத் துண்டையே அங்க அடையாளமாக வைத்துக்கொண்டு, பொருந்தும் வைரஸ் ஆர்.என்.ஏ.வைத் தேடி வெட்டும்.

அந்தத் துண்டுகளைத்தான் 1999-இல் ஆய்வாளர் ஹாமில்டனும் பௌல்கோம்பும் இங்கிலாந்தின் நாரிச்சில் கண்டுபிடித்தார்கள். ஆர்.என்.ஏ.வை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் அளந்தபோது சுமார் 25 எழுத்து. பிறகு துல்லியமாகப் பார்த்ததில் 21, 22, 24 என்று பிரிந்தன. செடியில் டைசர் பல வகை, ஒவ்வொன்றின் வெட்டும் ஒரு நீளம். ஆக, நீங்கள் படித்த இரண்டுமே சரி.

'அப்படியானால் செடிக்கு ஏன் வைரஸ் நோய் வருகிறது?' என்று யாராவது நிச்சயம் மடக்குவார்கள். வெள்ளரித் தேமல் வைரஸின் 2பி புரதத்தைச் சொல்லுங்கள்: இந்த வெட்டும் வேலையையே அது முடக்கிவிடும்.