அறை பூட்டியே கிடக்கிறதே, ஐயா!

வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். பிறவியிலேயே பார்வையற்றவர். தான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில், சாதி, உடல் குறைபாடு போன்ற காரணங்களால் மாணவர்கள் ஒதுக்கப்படாமல் பார்த்துக்கொள்ளும் சம வாய்ப்பு மையத்துக்குப் பதினோரு ஆண்டுகள் ஒருங்கிணைப்பாளராக இருந்தவர்.)

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தில் ‘சம வாய்ப்பு மையம்’ என்று ஒரு பலகை தொங்குகிறது. ஒரு வருஷமாகப் பார்க்கிறேன், கதவில் பூட்டும் தொங்குகிறது. அங்கே யாராவது வேலை செய்கிறார்களா, ஐயா?
– முதுகலை மாணவி, விழுப்புரம்

பதில்: செய்வார்கள் அம்மா. அந்த அறையில் உட்கார்ந்து செய்ய மாட்டார்கள், அவ்வளவுதான். அந்தப் பலகைக்குச் சொந்தக்காரர் இந்நேரம் ஏதாவது ஒரு துறையில் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார். மையம் அவருக்குக் ‘கூடுதல் பொறுப்பு’. கூடுதல் சம்பளம் கிடையாது, கூடுதல் ஆள் கிடையாது, பதில் சொல்ல வேண்டிய இடங்கள் மட்டும் கூடும்.

என் காலத்தில் நாங்கள் மூன்று பேர். நான், தொகுப்பூதியத்தில் ஒரு தட்டச்சர், ஓர் அலுவலக உதவியாளர். ஆணையில் இருந்தது என் பெயர். மையத்தை நடத்தியவர் அந்த அலுவலக உதவியாளர். எந்தப் பையனுடைய உதவித்தொகை வங்கியில் ஆதார் இணைக்காததால் திரும்பி வந்திருக்கிறது, எந்த விடுதியில் சாப்பாட்டு பாக்கிக்காக யாருடைய ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பதிவாளர் எந்த நேரத்தில் கோபமில்லாமல் கையெழுத்துப் போடுவார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. பத்தாவது வரை படித்தவர். நான் எழுதிய கடிதங்களால் நடந்ததைவிட, அவர் கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மேசை மேசையாக நின்றதால் நடந்தது அதிகம்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. 2012-ல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிகள் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் சம வாய்ப்பு மையம் வேண்டும் என்றன. பாகுபாடு தடுப்பு அலுவலர் ஒருவரும் வேண்டும், அவர் பேராசிரியர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்றன. புகார் வந்தால் 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருந்தது. அந்த அலுவலர் யார் என்று பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டால் ‘இப்பதான் டீ குடிக்கப் போனார்’ என்பார்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. எல்லோரும் உள்ளே வந்தாயிற்று. அதற்குப் பிறகும் தனி மையம், தனி அலுவலர் எல்லாம் எதற்கு?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குத் தனியாக 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. கூட்டினால் 69, கணக்குச் சரி. ஆனால் அது வாசல் வரைக்குமான கணக்கு ஐயா. வாசலுக்கு உள்ளே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

முதலாமாண்டு வகுப்பு. நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்திலிருந்து ஒரு எழுத்தர் சுற்றறிக்கையோடு வந்தார். அனுமதி கேட்டார், கொடுத்தேன். “எஸ்.சி., எஸ்.டி. பசங்கள்லாம் கை தூக்குங்கப்பா, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்திருக்கு” என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கடைசித் தேதி நெருங்குகிறதே, பையன்களுக்குப் பணம் போய்விடக் கூடாதே என்று ஓடி வந்தவர். ஆனால் அறுபது பேர் இருந்த வகுப்பு சட்டென்று அமைதியானதை நான் கேட்டேன். எத்தனை கை உயர்ந்தது என்று எனக்குத் தெரியாது. நாற்காலிகள் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது. யார் கை தூக்குகிறார்கள் என்று மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிற சத்தம் அது.

அடுத்த வருஷம் அதை மாற்றினோம். யோசனை எங்கள் அலுவலக உதவியாளருடையது. பஸ் பாஸ், இரயில் சலுகைப் படிவம் எல்லாம் வாங்க எல்லா மாணவர்களும் வரும் ஜன்னலிலேயே உதவித்தொகைப் படிவத்தையும் வைத்தார். தகவல் அவரவர் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாகப் போனது. செலவு ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஜன்னலுக்கு அனுமதி வாங்க நான் மூன்று கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது. ‘இத்தனை வருஷம் யாரும் புகார் சொல்லலியே’ என்பதுதான் மூன்றிலும் பதில். கை தூக்கச் சொன்னதற்கே கூசியவன் எழுந்து வந்து புகார் எழுதுவானா?

நான் சொன்ன 2012 விதிகளைப் படித்துப் பாருங்கள். வகுப்பில் சாதிப் பெயரைச் சொல்லி அறிவிப்பதும், ‘ஒதுக்கீட்டில் வந்தவர்’ என்று முத்திரை குத்துவதும், ஆய்வகத்துக்குள் விட்டுவிட்டு வேலை செய்யவிடாமல் சும்மா நிற்க வைப்பதும் பாகுபாடுதான் என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கடைசி வரியை எழுதியவர் யாரோ, அப்படி ஒரு ஆய்வகத்தில் நின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

கேள்வி: என் வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருக்கிறார். எல்லாப் பாடக் குறிப்பையும் தமிழில் தட்டச்சு செய்து பிடிஎஃப்-ஆக அனுப்புகிறேன். ‘படிக்க முடியல மேடம்’ என்கிறார். அவர் கணினியில், திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் இருக்கிறது. கோளாறு எங்கே?
– உதவிப் பேராசிரியை, தஞ்சாவூர்

பதில்: கோளாறு உங்கள் எழுத்துருவில் இருக்கும், மேடம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில்தானே அடிக்கிறீர்கள்?

பாமினியில் இருப்பது ஆங்கில எழுத்து. மேலே தமிழ் வேஷம் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். கண்ணுக்கு வேஷம் தெரியும், திரைவாசிப்பானுக்கு உள்ளே இருப்பதுதான் தெரியும். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்ததை எழுத்தெழுத்தாகக் கேட்டால் என் கணினி ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்று சொல்லும். ஐந்தும் சேர்ந்தால் உங்களுக்குத் தமிழ். எங்களுக்குச் செமிகோலன்! ஒரு முறை புறநானூற்று உரை ஒன்றை எனக்கு அனுப்பினார்கள். இருபது பக்கத்தையும் என் திரைவாசிப்பான் என்விடிஏ நல்ல ஆங்கில உச்சரிப்பில் மந்திரம் போல ஓதி முடித்தது.

ஒருங்குறியில், அதாவது யூனிகோடில் அடியுங்கள். தமிழ்நாடு அரசு 2010-லேயே தமிழ் ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணை போட்டுவிட்டது. பழைய குறிப்புகளைத் தூக்கிப் போட வேண்டாம், எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிடிஎஃப் ஆக்குமுன் உள்ள வேர்டு கோப்பையே கொடுத்தால் இன்னும் நல்லது. புத்தகப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து மட்டும் அனுப்பாதீர்கள். அதைத் திறந்தால் ‘காலி ஆவணம்’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

கேள்வி: டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தின விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக யாரை அழைக்கலாம்?
– மாணவர் பேரவைச் செயலர், சேலம்

பதில்: உங்கள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரையும் பொறியாளர் பிரிவுத் தலைவரையும். மேடைக்குச் சாய்தளம் இல்லை என்றால் விழாவை மரத்தடியில் வையுங்கள். சால்வை வேண்டாம், பேனா கொடுங்கள். நிலுவையில் இருக்கிற கோப்புகளைக் கையோடு கொண்டு போங்கள்.

கேள்வி: என் மகனுக்குக் கை எழுத வராது, விரல் இழுத்துக்கொள்ளும். ஆனால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறைவு. அதனால் தேர்வில் சொல்வதை எழுதுபவர் கிடையாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். வேறு வழியே இல்லையா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: இருக்கிறது அம்மா. உங்கள் மகனைப் போலவே எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர், விகாஷ் குமார், மருத்துவப் பட்டதாரி, குடிமைப் பணித் தேர்வுக்கு எழுதுபவர் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 2021 பிப்ரவரி 11-ல் தீர்ப்பு வந்தது. இடஒதுக்கீட்டுக்கான 40 சதவீத அளவுகோலை எழுதுபவர் தருவதற்கும் நிபந்தனையாக வைக்கக் கூடாது என்றார்கள். 2022-ல் மத்திய அரசும், 40-க்குக் குறைவாக இருந்தும் எழுதச் சிரமப்படுகிறவர்களுக்கு வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தது. ‘எழுதுவதில் சிரமம் உண்டு’ என்று குறிப்பிட்டு அரசு மருத்துவமனையில் சான்று வாங்கி, தேர்வுக்கு ரொம்ப முன்னாலேயே மனுவோடு கொடுங்கள். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், அதாவது மூன்று மணித் தேர்வுக்கு நான்கு மணி நேரம், அதையும் சேர்த்தே கேளுங்கள். ‘எழுதுபவர் கொடுத்தாச்சே, நேரம் எதுக்கு’ என்று ஒருவர் கட்டாயம் கேட்பார்.

நேரம் எதற்கு என்று நான் சொல்கிறேன். என் முதுகலைத் தேர்வில் எனக்கு எழுத வந்தவன் பாலிடெக்னிக் பையன். நல்ல பிள்ளை. இலக்கணத் தாள். நான் நன்னூல் நூற்பாவைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு சொல்லுக்கும் “சின்ன ர-வா சார், பெரிய ற-வா சார்?” என்று கேட்டான். கேட்காமல் அவனாகவே எழுதிய இடங்களில் என்ன போட்டானோ, திருத்தியவருக்குத்தான் வெளிச்சம்.

கேள்வி: எங்கள் வகுப்பில் ஒரு திருநங்கை சேர்ந்திருக்கிறார். பெயர் மாற்றம் அரசிதழில் வரும் வரை அவரை எந்தப் பெயரில் கூப்பிடுவது?
– வகுப்புப் பிரதிநிதி, வேலூர்

பதில்: அவர் சொல்லும் பெயரில். சான்றிதழில் அச்சடிக்கத்தான் ஆவணம் கேட்பார்கள் தம்பி, கூப்பிடுவதற்கு எதற்கு? உங்கள் வருகைப் பதிவேட்டில் பென்சிலால் எழுதி வைத்தாலே ஆசிரியர் அந்தப் பெயரைப் படித்துவிடுவார். தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-லேயே ஒப்புக்கொண்டது. கழிப்பறை, விடுதி பற்றி நீங்களாக முடிவெடுத்து நல்லது செய்யப் போகாதீர்கள். என்ன வேண்டும் என்று அவரிடமே, தனியாக, ஒரு தடவை கேளுங்கள்.

கேள்வி: நான் பட்டியல் சாதியைச் சேர்ந்த உதவிப் பேராசிரியை. சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. ‘உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்’ என்று சொல்லிச் சம வாய்ப்பு மையத்தை என் தலையில் கட்டுகிறார்கள். பிஎச்.டி. இன்னும் முடிக்கவில்லை. மறுத்தால் சுயநலம் என்பார்களோ?
– பெயர் வேண்டாம்

பதில்: எனக்கும் இதே காரணத்தைச் சொல்லித்தான் கொடுத்தார்கள். ‘அவர்தானே பார்வையற்றவர், அவருக்குத் தெரியும்.’ என்ன தெரியும்? பதவியேற்ற இரண்டாம் வாரம் காது கேளாத மாணவி ஒருத்தி அறைக்கு வந்தாள். அலுவலக உதவியாளர் அன்று விடுப்பு. அவள் சைகை செய்கிறாள், எனக்குத் தெரியவில்லை. நான் பேசுகிறேன், அவளுக்குக் கேட்கவில்லை. வளையல் சத்தத்தை வைத்து ஏதோ அவசரமாகச் சொல்கிறாள் என்று மட்டும் புரிந்தது. கடைசியில் அவளே என் கைப்பேசியை வாங்கினாள். அவள் தமிழில் தட்டச்சு செய்ய, கைப்பேசி எனக்கு வாசித்தது. நான் பேச, குரல் தட்டச்சு அவளுக்கு எழுதிக் காட்டியது. ‘விடுதிக் கட்டணமா?’ என்று கேட்டேன். அது ‘விடுதலைக் கட்டணமா’ என்று எழுதியிருக்கிறது. அவள் சிரித்தது கேட்டது. விஷயம் வாய்மொழித் தேர்வு. அடுத்த வாரம் தேர்வு, சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதற்கான நிதியைப் பல்கலைக்கழக பட்ஜெட்டில் எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து எடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. தேர்வைத்தான் தள்ளி வைத்தார்கள், நான்கு மாதம். எனக்குத் தெரியும் என்று நம்பி உட்கார வைத்த இடத்தில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், கணக்குத் தலைப்பு.

ஆகவே அம்மா, மறுப்பது சுயநலம் இல்லை. இரண்டு வருஷ அனுபவத்தில் பதிவாளரோடு மோத முடியாது, மோதினால் உங்கள் பதவி உயர்வுக் கோப்புதான் தூங்கும். மூத்த பேராசிரியர் ஒருவர் ஒருங்கிணைப்பாளராகட்டும், எந்தச் சாதியாக இருந்தாலும். நீங்கள் உறுப்பினராக இருங்கள். அதற்கும் அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆணையை வாங்கி நான்கு விஷயம் இருக்கிறதா என்று தேடுங்கள்: எத்தனை வருஷம், எத்தனை மணி நேரம் பாடச் சுமை குறையும், எந்தத் தலைப்பில் எவ்வளவு நிதி, கட்டடக் குழுவிலும் தேர்வுக் குழுவிலும் உங்களுக்கு இடம் உண்டா. இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் ஆய்வேட்டைச் சமர்ப்பியுங்கள். அலுவலக உதவியாளர் யார் என்று மட்டும் இப்போதே விசாரித்து வையுங்கள்.