இளந்தென்னைத் தோட்டத்துக்கு முதல் டிராக்டர்

வணக்கம். தாராபுரம் அருகே மூன்றரை ஏக்கர் தோட்டம், இளந்தென்னை, ஊடுபயிராக மக்காச்சோளம், கையில் இரண்டரை லட்சம். பழைய 35 குதிரைத்திறன் வண்டியா, மினி டிராக்டரா என்று கேட்டிருந்தீர்கள். 18 முதல் 24 குதிரைத்திறன் உள்ள, நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய மினி டிராக்டரே உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. 25 அடி இடைவெளியில் பெரிய வண்டியும் ஓடும்தான். ஆனால் தாழ்ந்து தொங்கும் மட்டைகளுக்கடியில் புகுந்து, சொட்டுநீர்க் குழாயை மிதிக்காமல் வரப்போரம் திரும்புவது அதற்கு எளிதன்று. ஆண்டுக்கொரு முறை வரும் ஆழ உழவுக்குப் பெரிய வண்டியை வாடகைக்கு அழைத்துக்கொள்ளலாம்.

பார்க்கப் போனதும் முதலில் பானெட்டின்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதை நீங்கள் பார்க்க முடியாது. இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். நீலப்புகை தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது. வண்டியின் பின்னால் மாட்டும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். மளமளவென்று கீழே இறங்கினால் அதைத் தூக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக்கில் செலவு இருக்கிறது. இதைப் பார்க்காமல் வாங்கிய நான் முதல் மாதமே பட்டறைக்குப் போனேன். ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ரோட்டவேட்டருக்கான பணத்தை இரண்டரை லட்சத்துக்குள்ளேயே ஒதுக்கிவிடுங்கள்.