பாடவும் வராது பேசவும் வராது, அப்போ கடவுள் எனக்கு குடுத்த தாலந்து என்ன?

சர்ச்ல பாட வராது, மைக் புடிச்சா கை நடுங்குது, நான் எப்படி ஊழியம் செய்யறதுன்னு கேட்டிருக்கீங்க. மொதல்ல ஒன்னு, மத்தேயு 25ல வர்ற தாலந்து திறமை இல்லீங்க, அது எடைக் கணக்குல சொல்ற பணம். வெளியூர் போற எஜமான் ஒருத்தர் மூணு வேலைக்காரங்ககிட்ட அஞ்சு, ரெண்டு, ஒன்னுன்னு தாலந்து குடுத்துட்டுப் போற கதை அது. ஒரு தாலந்து ஏறக்குறைய 6000 தெனாரி, ஒரு தெனாரி கூலியாளோட ஒரு நாள் சம்பளம், அப்போ கிட்டத்தட்ட 20 வருஷ சம்பளம்! ஒன்னே ஒன்னு வாங்குனவன்கிட்டயும் அவ்ளோ இருந்துச்சு, பயந்துபோய் பொதைச்சிட்டான். அஞ்சு வாங்குனவனுக்கும் ரெண்டு வாங்குனவனுக்கும் எஜமான் சொன்ன பாராட்டு ஒன்னுதான், இத நெனச்சா எனக்கு இன்னும் மனசு நெறஞ்சுடும்.

எங்கம்மா பட்டர்வொர்த்ல கிராணி வேலை பாத்து ரிட்டையர் ஆனவங்க, பாட்டு சுத்தமா வராது, ஆனா மலாய்ல ஃபாரம் எழுதறதுல கெட்டி. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் பெஞ்சுல ஒக்காந்து, தோட்டத்துல இருந்து வந்த பாட்டிமாருக்கு ஜேகேஎம் (சமூகநல இலாகா) உதவிப்பணம், ஈபிஎஃப் சேமநிதி, பேரப்புள்ள பிறப்புப் பத்திரம்னு ஒவ்வொன்னா படிச்சு சொல்லி எழுதிக் குடுப்பாங்க, பசியாறக்கூட எந்திரிக்க மாட்டாங்க. 1 பேதுரு 4:10 சொல்ற மாதிரி, கெடைச்ச வரத்த வெச்சு ஒருத்தருக்கொருத்தர் உதவறது இதுதானே.

ஒரு வாரம் கவனிங்க, ஜனங்க உங்ககிட்ட என்ன கேட்டு வர்றாங்கன்னு. கணக்கு வருமா, எஸ்பிஎம் பரீட்சை எழுதற புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுங்க. கார் இருக்கா, டயாலிசிஸ் போற பெரியவங்கள ஏத்திட்டு போங்க, திரும்பி கூட்டிட்டும் வாங்க.