விக்டோரியா காலத்துக் கலப்படம்: கேள்வி பதில்

கேள்வி: சார், விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் உணவுக் கலப்படத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: பெரிய ஆயுதம் நுண்ணோக்கிதான். லண்டனில் ஆர்தர் ஹில் ஹாஸல் என்ற மருத்துவர், கடைகளில் வாங்கிய பொருள்களை 1850 முதல் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். காபித்தூளில் சிக்கரி கலந்திருப்பதை உறுதியாகச் சொல்லவே முடியாது என்று அதற்கு முன் நாடாளுமன்றத்திலேயே பேசியிருந்தார்கள். வறுத்து அரைத்தாலும் இரண்டின் திசு அமைப்பும் வேறாகத்தான் இருக்கிறது என்று இவர் காட்டினார். முடிவுகளைக் கடைக்காரரின் பெயர், முகவரியோடு லான்செட் என்ற மருத்துவ இதழில் போட்டார் அதன் ஆசிரியர் தாமஸ் வேக்லி. கலப்படத்துக்கு எதிராகப் பொதுவான சட்டமே இல்லாத காலத்தில் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கேள்வி: வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஏதாவது இருந்ததா?

பதில்: இருந்தது. வினிகர் ஊறுகாய் பச்சைப்பசேலென்று தெரிவதற்காகச் செம்பு உப்பு சேர்ப்பார்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை அந்த வினிகரில் சில மணி நேரம் போட்டுவைத்தால், அதன்மேல் செம்பு படிந்து சிவக்கும். காபித்தூளைக் குளிர்ந்த நீரில் தூவினால் காபி மிதக்கும், சிக்கரி மூழ்கி நீரைப் பழுப்பாக்கும். நம் வீடுகளிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

கேள்வி: பிராட்ஃபோர்டு மிட்டாய் வழக்கில் யாருக்குத் தண்டனை கிடைத்தது அண்ணா?

பதில்: யாருக்கும் இல்லை. சர்க்கரைச் செலவைக் குறைக்க மிட்டாயில் ஜிப்சம் போன்ற மலிவான பொடியைச் சேர்ப்பது அப்போது வழக்கம். 1858இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு ஊரில் மருந்துக் கடை உதவியாளர் அந்தப் பொடிக்குப் பதிலாக ஆர்சனிக் என்ற நஞ்சைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டார். அந்த மிட்டாயைத் தின்ற சுமார் 20 பேர் இறந்தார்கள். என்னைப் பொறுத்தவரை உண்மையான குற்றம் அந்தப் பொடியைச் சேர்த்ததுதான், ஆனால் அதைத் தடுக்க அன்று சட்டம் இல்லை.

கேள்வி: அப்புறமாவது சட்டம் வந்ததா?

பதில்: 1860இல் வந்தது, பலன் இல்லை. உணவைச் சோதிக்கும் பகுப்பாய்வாளரை நியமிப்பது அந்தந்த ஊர் நிர்வாகத்தின் விருப்பம். தெரிந்தேதான் விற்றார் என்றும் நிரூபிக்க வேண்டும். 1875 சட்டம்தான் நிலைமையை மாற்றியது. கேட்ட பொருளின் இயல்பும் தரமும் இல்லாததை வாங்குபவருக்குப் பாதகமாக விற்றால், தெரியாமல் விற்றிருந்தாலும் 20 பவுண்டு வரை அபராதம். உடலுக்குக் கேடானதைத் தெரிந்தே கலந்தால் 50 பவுண்டு வரை, மறுபடியும் செய்தால் கடுங்காவலுடன் ஆறு மாதம் வரை சிறை.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது மாதிரி எடுக்கும் முறை. ஆய்வாளர் பொருளை வாங்கியதும், இது பரிசோதனைக்குப் போகிறது என்று கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். அவர் சம்மதித்தால் அங்கேயே மூன்று பங்காக்கி முத்திரையிடுவார்கள். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று பகுப்பாய்வாளருக்கு, மூன்றாவது ஆய்வாளரிடம். முடிவில் தகராறு வந்தால் நீதிமன்றம் அந்த மூன்றாவது பங்கை லண்டன் சாமர்செட் ஹவுஸில் இருந்த அரசு ஆய்வகத்துக்கு அனுப்பும். நேர்மையான வியாபாரிக்கும் இது பாதுகாப்பு.

கேள்வி: வியாபாரிகள் தப்பிக்க வழியே இல்லையா?

பதில்: ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். “ஆய்வாளர் சோதிக்கத்தானே வாங்கினார், அவருக்கு என்ன நஷ்டம்?” என்று வாதாடினார்கள். 1879 திருத்தம் அந்த வாதம் செல்லாது என்று அடைத்துவிட்டது. பாலை வாங்குபவரிடம் ஒப்படைக்கும் இடத்திலேயே மாதிரி எடுக்கவும் அதே திருத்தம் அனுமதித்தது.